அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்: சி-யிலிருந்து டி-க்கு

தண்டையார்பேட்டையில் அப்பா பத்து வருடத்துக்கு மேல் டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் தயாரிக்கும் கடை, வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே தயாராகும். கடையை மூடியபின் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் கணக்கில் அந்த 40 ஜிபி 37 சொச்சம்தான். அது சி, டி என்று இரண்டு டிரைவாகப் பிரிந்திருந்தது; சி-க்கு 10 ஜிபி, மீதி டி-க்கு. எல்லாமே சி-யில்தான் குவிந்திருந்தது. நான் கை வைத்த அன்று சி-யில் காலி இடம் 180 எம்பி. டி பாதிக்கு மேல் காலி.

புதுசு வாங்கினால் போயிற்று என்று சொல்ல முடியாது. போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். 2015 டிசம்பர் மழையில் அவர் வீட்டிலிருந்த படங்கள் ஊறிப் போய்விட்டன. அவர் அப்பாவின் படம் எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. நினைவஞ்சலிக்கு அது வேண்டும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் அந்தக் கோப்பைத் திறந்தோம். அதற்குள், இடமில்லை என்ற மஞ்சள் எச்சரிக்கை வந்து நின்றது.

டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பார்ட்டிஷன் அளவையே மாற்றி சி-யைப் பெரிதாக்கிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். அதற்கு டி-யின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். இவ்வளவு வயசான டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும் வேலை அது. நடுவில் கரண்ட் போனால் இரண்டுமே போய்விடும். கோப்புகளை மட்டும் நகர்த்துவது என்று முடிவு செய்தேன்.

"எதையும் அழிச்சிடாதம்மா" என்றார் அப்பா. அதனால் முதல் ஞாயிறு முழுக்க பேக்கப்தான். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க்கின் ஐடிஇ இணைப்பை யுஎஸ்பி ஆக்கும் கேபிள் வாங்கி வந்தேன். டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, மொத்தத்தையும் ஒரே இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக, எடுத்து வைத்தேன். இதைச் செய்யாமல் யாரும் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

அப்புறம் சுலபமான வேலைகள். ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேஷனை நிறுத்தினேன், ராம் அளவுக்கு இருந்த 512 எம்பி கோப்பு போனது. ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜிங் ஃபைலை டி-க்கு மாற்றினேன், இன்னொரு 768 எம்பி. மை டாக்குமெண்ட்ஸை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் 'மூவ்' பட்டன் இருக்கிறது. புது இடத்தைச் சொன்னால் விண்டோஸே கொண்டுபோய் வைத்துவிடும். அதில் 1.4 ஜிபி.

இரண்டாம் ஞாயிறு தப்பு செய்தேன். ப்ரோக்ராம் ஃபைல்ஸிலிருந்து பேஜ்மேக்கர் ஃபோல்டரை அப்படியே கட் செய்து டி-யில் ஒட்டினேன். ஷார்ட்கட்டை அழுத்தினால் டார்ச் லைட் ஆடிக்கொண்டு கோப்பைத் தேடுகிறது. டி-க்குள் போய் நேராகத் திறந்தால் திறக்கிறது. ஆனால் பத்திரிகைக் கோப்பை டபுள் கிளிக் செய்தால் திறப்பதில்லை. ஒரு மென்பொருள் அதன் ஃபோல்டருக்குள் மட்டும் வாழ்வதில்லை. விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் பழைய முகவரி எழுதியிருக்கிறது, சில துணைக் கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிடக்கின்றன. உடனே பழைய இடத்தில் வைத்தேன், சரியானது. மென்பொருளை நகர்த்த வேண்டுமென்றால் நீக்கிவிட்டு டி-யில் மறுபடி இன்ஸ்டால் செய்வதே நேர்வழி. அப்பாவிடம் சிடி இல்லை, அதனால் அது சி-யிலேயே இருக்கட்டும்.

உண்மையில் இடத்தை அடைத்திருந்தது கடை வேலைகள் இருக்கும் 'ஜாப்ஸ்' ஃபோல்டர், 3.6 ஜிபி. இதில் வேறொரு சிக்கல். பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே இணைத்து வைக்கும். படம் இருக்கும் பாதை மாறினால் இணைப்பு அறுந்து, பிரிண்டில் மங்கலான முன்னோட்டம்தான் வரும். கண்ணீர் அஞ்சலியில் முகம் மங்கலாக வரக்கூடாது. நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒவ்வொன்றாக இணைப்பைத் திருத்தவும் முடியாது.

இதற்குத்தான் ஜங்ஷன். பழைய பெயரில் சி-யில் ஒரு வாசல் மட்டும் இருக்கும், உள்ளே போனால் டி-யில் இருப்போம். பேஜ்மேக்கருக்கு வித்தியாசமே தெரியாது. விஸ்டாவிலிருந்து இதற்கு எம்கேலிங்க் கட்டளை கூடவே வருகிறது. எக்ஸ்பியில் கிடையாது, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள 'ஜங்ஷன்' என்ற சிறு கருவி வேண்டும். வாசல் வைக்கும் டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். எங்கள் சி பழைய முறையான ஃபேட் 32. கன்வர்ட் கட்டளையால் மாற்றினேன், தரவு அழியாது. ஆனால் அதே கட்டளையால் திரும்ப ஃபேட் 32 ஆக்க முடியாது. மாறி முடியும்வரை யுபிஎஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு, எக்ஸ்காப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையால் ஜாப்ஸை டி-க்கு நகலெடுத்தேன். இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கை, மொத்த பைட் இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். சி-யில் இருந்ததை அழிக்காமல் 'ஜாப்ஸ் பழையது' என்று பெயர் மாற்றி, அந்த இடத்தில் ஜங்ஷன் வைத்தேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எக்ஸ்பியில் ஜங்ஷனும் சாதாரண ஃபோல்டர் போலவே தெரியும். அது வேண்டாமென்று எக்ஸ்ப்ளோரரில் டெலீட் செய்தால் டி-யில் உள்ள அசல் கோப்புகளும் சேர்ந்து அழியும். அதே கருவியில் நீக்கும் கட்டளை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். அப்பாவுக்காக மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பழைய எழுத்துருக்களை நான் தொடவே இல்லை. இந்தக் கோப்புகள் யூனிகோட் என்ற பொது முறையில் இல்லாமல் அந்த எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகிவிடும்.

இன்று அந்த அக்காவின் கோப்பை அப்பாவே திறந்தார். எதுவும் கேட்காமல் திறந்தது. பிரிண்டில் மீசை முடி வரைக்கும் தெளிவாக வந்தது. "இவரு நம்ம கடைக்கு டீ குடிக்க வருவாரும்மா" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஜாப்ஸ் பழையது' இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்கும். அதை அழித்தால் சி-யில் 6 ஜிபிக்கு மேல் காலியாகும். அடுத்தது அப்பாவின் டெஸ்க்டாப், அதில் மட்டும் 200-க்கு மேல் கோப்புகள்.