மருந்து வண்டி: ஆடி, ஆவணி

ஜூலை 19

காத்து. காலை ஏழரைக்கே வேப்பங்கொப்பு ஒரு நிலையில இல்ல. இன்னிக்குப் புல்லுக்கு மருந்து அடிக்கல.

ஜூலை 20

புல்தரை முழுக்க வரி வரியா மஞ்சள். மண்ணு மேல பழி போட முடியாது. மஞ்சளுக்குப் பக்கத்துலயே இருக்கிற பச்சையும் அதே செம்மண்ணுல, அதே போர் தண்ணியிலதான் நிக்குது. தெளிச்ச இரும்புச் சத்து மருந்து விழுந்த இடம் பச்சை, விழாத இடம் மஞ்சள். வரியோட அகலத்தை அளந்தா சரியா ஒரு கை வீச்சு.

16 லிட்டர் பேட்டரி டேங்கை முதுகுல மாட்டி, லான்ஸை (தெளிக்கிற கம்பியை) இடமும் வலமுமா வீசிக்கிட்டே நடந்தா இப்படித்தான் ஆகும். வீச்சு திரும்புற ரெண்டு ஓரத்துலயும் கை ஒரு கணம் நிக்கும், அங்க ரெட்டிப்பா விழும். பேட்டரி இறங்க இறங்க அழுத்தம் இறங்கும். டேங்க் காலியாக ஆக நடை வேகமெடுக்கும். மூணும் ஒரே திசையில சேர்ந்தா கடைசி அஞ்சு சென்டுக்குப் போய்ச் சேர்றது வெறும் ஈரம்.

கணக்கு என்னவோ சுலபம். ஒரு நாசில் (தெளிக்கிற முனை) நிமிஷத்துக்கு விடுற லிட்டரை 60,000-ஆல பெருக்கணும். நடை வேகத்தையும் (மணிக்கு கி.மீ.) நாசில் இடைவெளியையும் (செ.மீ.) பெருக்கி, அதால வகுக்கணும். வர்றது ஹெக்டேருக்கு லிட்டர். நாசிலும் இடைவெளியும் கருவியில அடங்கும். நடை அடங்காது. நாலு கி.மீ. வேகத்துல போகவேண்டியவர் மூணுல போனா மூணுல ஒரு பங்கு மருந்து கூடுதல்.

ஜூலை 21

முதுகு டேங்குக்குப் பதிலா, சக்கரம் ஓட்டுற பம்போட ஒரு மருந்து வண்டி. லேத்துல சொல்லியாச்சு.

லேத்துக்காரர்: "ஒரு மோட்டாரை வச்சிட்டுப் போங்கண்ணே. சக்கரத்தோட எதுக்கு மல்லுக்கட்டு?"

மோட்டார் தண்ணியை நேரத்துக்குக் கொடுக்கும். வேணுங்கிறது தூரத்துக்கு வர்ற தண்ணி. சக்கரம் உருண்டாத்தான் பம்பு வேலை செய்யணும், நின்னா நின்னுடணும். ஆளோட கால் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்.

ஜூலை 23

கணக்கு எழுதிவச்சாச்சு. மாத்துறதுக்கு யாராவது காரணம் சொன்னா மட்டும் மாத்தலாம்.

நாசில்: 110 டிகிரி தட்டை விசிறி, நீலம். பன்னாட்டு நிற முறையில நீலம்னா 3 பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 1.2 லிட்டர். வேலை அழுத்தம் 2.5 பார். தண்ணி ஓட்டம் அழுத்தத்தோட வர்க்கமூலத்துல போகும், அதனால 1.1 லிட்டர் வரும். நாலு நாசில், 50 செ.மீ. இடைவெளி, வீச்சு 2 மீட்டர். 4 கி.மீ. வேகத்துல ஹெக்டேருக்கு 328 லிட்டர், ஏக்கருக்கு 133, சென்டுக்கு 1.33. இந்தப் புல்தரை 40 சென்ட். ஆக 53 லிட்டர். 60 லிட்டர் டேங்க் போதும், நடுவுல ரொப்ப வேண்டாம்.

டயர்: பதினாறு இன்ச் உயரம், ஆறரை இன்ச் அகலம், எட்டு இன்ச் ரிம், புல்லுக்குன்னே வர்ற வழவழப்பு மிதி. சைக்கிள் சக்கரம் வேண்டவே வேண்டாம். டயர்ல எவ்வளவு காத்தோ கிட்டத்தட்ட அவ்வளவு அழுத்தம்தான் தரையில இறங்கும். ஒல்லி டயர்ல 50 பவுண்டு அடிச்சு ஈரப் புல்லுல ஓட்டினா உழுத சால்தான். இதுல 10 பவுண்டு போதும். சுமையோட ஒரு சுத்துக்கு 1.25 மீட்டர்.

மீட்டருக்கு 65.7 மில்லி வேணும், சுத்துக்கு 82. வாஷர் கசிவு, வால்வு தாமதம் எல்லாம் கழிச்சு பம்பு கொள்ளளவு 89 வச்சா சரியா இருக்கும். ரெண்டு சிலிண்டர், 42 மி.மீ. உள்விட்டம், 32 மி.மீ. பிஸ்டன் ஓட்டம்.

இழுக்கிறவருக்குப் பம்பால கூடுற பாரம் மூணு கிலோ. வண்டி பாரத்தோட பார்த்தா அது ஒண்ணுமில்ல.

தள்ளுறதில்ல, இழுக்கிறது. தள்ளினா அடிச்ச ஈரத்துலயே ஆள் மிதிச்சு நடக்கணும்.

ஜூலை 24

மேனேஜர்: "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள பச்சையாயிடுமில்ல?"

ஜூலை 26

சக்கரப் பம்பு எல்லாத்தையும் தீர்த்துடாது. வேகம் மாறினா அளவு மாறாது, சரி. ஆனா அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல போகும். 4 கி.மீ.ல 2.5 பார்னா, 3-ல 1.4 தான், 5-ல 3.9. விசிறி நாசில் 1 பாருக்கும் 4 பாருக்கும் நடுவுல விரிஞ்சு நிக்கும். ஆக 3-லிருந்து 5 வரைக்கும் தாங்கும். 2 கி.மீ.ல 0.6 பார், விசிறி சுருங்கி வாலா தொங்கும். 5-க்கு மேல போனா பொடித்துளி, காத்தோட போயிடும். சாதாரண நடைக்கு இந்த இடம் தாராளம். வாசல்ல யாரையாவது பார்த்து நின்னு பேசிட்டு நகர்ற நடைக்குப் பத்தாது.

ஜூலை 28

சிலிண்டருக்குப் பித்தளை வேண்டாம்னு சொன்னதுக்கு லேத்துல கோபம். அம்மோனியம் சல்பேட் கலந்து அடிக்கிற நாளும் வரும். அம்மோனியாவுக்கும் அழுத்தத்துல நிக்கிற பித்தளைக்கும் ஆகாது, வெடிப்பு விடும். எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ்) பைப், ஒண்ணரை இன்ச், ஷெட்யூல் 40 தடிப்பு, சீம்லெஸ் (தையல் இல்லாதது). உள்விட்டம் 40.9, கடைஞ்சு 42-க்குக் கொண்டுவரணும். பத்தவச்ச பைப் வாங்கினா உள்ள இருக்கிற தையல் வாஷரை ஒரு வாரத்துல தின்னுடும். பழைய பைப் கடையில எல்லாத்தையும் சீம்லெஸ்னுதான் சொல்றாங்க. உள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் வாங்கணும்.

செயினும் ஃப்ரீவீலும் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பல்சக்கரம்) சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். ஃப்ரீவீல் இல்லேன்னா வண்டியைப் பின்னால தள்ளும்போதும் கிராங்க் சுத்தி மருந்து அடிக்கும். கிராங்குக்கு முன்னு பின்னு கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஃப்ரீவீல், ரெண்டும் ஒரே தண்டுக்கு. திருப்பத்துல வெளிச்சக்கரம் ஓட்டும்.

ஜூலை 30

கண்ணாடி டம்ளர்ல போர் தண்ணி, அதுல அன்னபேதி (இரும்பு சல்பேட்). கொஞ்ச நேரத்துல டீ நிறம், அப்புறம் அடியில காவிச் சேறு. பைகார்பனேட் உள்ள தண்ணியில இரும்பு நிக்காது. இந்தச் சேறுதான் நாசில் ஃபில்டரை அடைக்கிறது, புல்லுக்குப் போகவேண்டிய இரும்பும் இதுலயே போச்சு. இதே தண்ணியில சிட்ரிக் அமிலம் முதல்ல, அன்னபேதி அப்புறம் போட்டா தெளிவா நிக்குது. 60 லிட்டருக்கு 60 கிராம் சிட்ரிக், 300 கிராம் அன்னபேதி. வரிசையை மாத்திப் போட்டா பிரயோஜனமில்ல. ஊருணித் தண்ணி மழைத் தண்ணி, இந்தத் தொல்லை அதுல குறைவு. ஆனா ஆடியில ஊருணி கிடக்கிற கிடைக்கு வடிகட்டவே ஒரு ஆள் வேணும்.

ஃபில்டர்: நீல நாசிலுக்கு 50 மெஷ் (இன்ச்சுக்கு 50 கண்). 100 போட்டா பொடி மருந்தெல்லாம் அங்கயே நின்னுடும்.

ஆகஸ்ட் 1

ரெண்டு சிலிண்டரை மாட்டி சிமெண்டுத் தளத்துல வெறும் தண்ணியில ஓட்டினோம். தரையில ஈரம், காய்ச்சல், ஈரம், காய்ச்சல். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு 62 செ.மீ. சக்கரத்தோட அரைச் சுத்து. ரெண்டு பிஸ்டனும் முனையில நிக்கிற கணத்துல ஓட்டம் சைபர்.

முன்னே நீள வரி. இப்போ குறுக்கு வரி.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. லேத் பூட்டு. காத்து.

ஆகஸ்ட் 5

அரை லிட்டர் காத்துக் குப்பி வச்சதும் பட்டை மறைஞ்சது. மேனேஜர் கைகுலுக்கினார். அவர் போனப்புறம் வண்டியைச் சட்டுனு நிறுத்திப் பார்த்தா நாசில் நிக்கல.

நிக்காதுதான். 2.5 பார்ல குப்பியில காத்து 140 மில்லியாச் சுருங்கிக் கிடக்கு. வண்டி நின்னதும் விரியும். நாசில்ல சொட்டாம மூடுற செக் வால்வு அரை பார்ல மூடுறதுக்குள்ள 190 மில்லியை வெளிய தள்ளிடும். ஓடும்போது மீட்டருக்கு 65. அதாவது மூணு மீட்டர் மருந்து நின்ன இடத்துலயே விழுது. களைக்கொல்லியா இருந்தா அந்த இடம் கருகித்தான் தீரும். கைப்பிடியில ஒரு வால்வு வச்சு, நிக்கும்போது டேங்குக்குத் திருப்பிவிடலாம்னு லேத்துக்காரர் சொன்னார். செய்யலாம். ஆனா மறுபடியும் கையை நம்பணும்.

ஆகஸ்ட் 6

மூணு சிலிண்டர். 120 டிகிரி. குப்பி கிடையாது.

ஒண்ணு முனையில நிக்கும்போது மத்த ரெண்டுல ஒண்ணு தள்ளிக்கிட்டிருக்கும். ஓட்டம் சராசரியிலிருந்து ஒன்பது சதம் இறங்கும், அஞ்சு சதம் ஏறும், அதுவும் 21 செ.மீ.க்கு ஒருதரம். விசிறியோட தடிப்பு அதை முழுங்கிடும். உள்விட்டம் அதே 42, பிஸ்டன் ஓட்டம் 21.3. கிராங்க் மட்டும் புதுசு. லேத்துக்காரர் தலையில அடிச்சுக்கிட்டே அளவைக் குறிச்சுக்கிட்டார்.

ஆகஸ்ட் 9

திண்ணை ஓரம். அன்னபேதி ஒரு சொட்டு ஆத்தங்குடிக் கல்லுல பட்டாலும் காயும்போது துருக்கறை. அமிலம் போட்டுத் துடைச்சா கறையோட கல்லோட வண்ணமும் போகும், அது சிமெண்டுதானே. ஆச்சி வந்து பார்த்துட்டு, "தரையில மட்டும் படாமப் பாத்துக்கங்க தம்பி, அந்தப் பூவை இனி எவன் அதே மாதிரி ஊத்துவான்"னாங்க. நியாயம்.

பூம் (நாசில் மாட்டின குறுக்குக் குழாய்) 40 செ.மீ. உயரத்துல இருந்தா கடைசி நாசில் தனக்கு வெளியே 57 செ.மீ. வீசும். அதனால திண்ணைப் பக்கம் போகும்போது கடைசி நாசிலை மூடணும். இங்கதான் சக்கரப் பம்போட குணம். ஒண்ணை மூடினா அதோட தண்ணி மத்த மூணுக்கும் போகும், மூணுல ஒரு பங்கு கூடுதல், அழுத்தம் 2.5-லிருந்து 4.4. மோட்டார் பம்புல ரெகுலேட்டர் இதைப் பார்த்துக்கும். இங்க பம்பு தள்ளினது எங்கயாவது போயே ஆகணும்.

வழி: கடைசி நாசிலுக்கு மூணு வழி பால் வால்வு. ஒரு பக்கம் பூம். இன்னொரு பக்கம் டேங்குக்குள்ள, அங்கயும் அதே நீல நாசில். மூடினா அந்த 1.1 லிட்டர் டேங்குக்குள்ள அடிக்கும், மத்த மூணும் எதையும் உணராது. டேங்கைக் கலக்கிவிடவும் ஆச்சு. வெறும் குழாயா டேங்குக்கு விட்டா எல்லாத் தண்ணியும் அந்த வழியே ஓடிடும், பூம்ல அழுத்தமே நிக்காது. திண்ணை ஓர அரை மீட்டருக்கு மட்டும் மூடாப்பு வச்ச கைத்தெளிப்பான்.

ஆகஸ்ட் 12

நெளித் தகரத்தைச் சாய்வா வச்சு, அது மேல பூமை நிறுத்தி, ஒவ்வொரு நெளிக்குக் கீழயும் ஒரு டம்ளர். சக்கரத்தை ஜாக்கியில தூக்கிக் கையால சுத்தினது. 30 செ.மீ. உயரத்துல ரெண்டு நாசிலுக்கு நடுவுல டம்ளர் பள்ளம் விழுது. 40-ல வரிசை சமம். நாசில் எல்லாத்தையும் பூமுக்குப் பத்து டிகிரி திருப்பி வைக்கணும். நேரா வச்சா விசிறியும் விசிறியும் மோதி, மோதுற இடத்துல பெருந்துளி விழும். அந்த டம்ளர் மட்டும் தனியா ரொம்பி நின்னது.

காத்து இருக்கும்போது 50-ஐ விட 40 நல்லது. ஆடி முழுக்க 40 தான்.

ஆகஸ்ட் 14

செக் வால்வு ரப்பர் வரல. வெள்ளின்னாங்க, இன்னிக்கு திங்கள்ங்கிறாங்க. முகூர்த்தம் யாருக்காகவும் நிக்காது.

ஆகஸ்ட் 17

ஆவணி பொறந்தாச்சு. காத்து ஒரு மாத்து குறைவு. ரப்பர் வந்தது, மாட்டியாச்சு, நின்னா நாலும் ஒண்ணா மூடுது. ஒரு சொட்டு இல்ல.

தண்ணியில முழு ஓட்டம். டயர்ல சாக்பீஸ் கோடு, 30 மீட்டர் கயிறு. காய்ஞ்ச புல்லுல 24 சுத்து, கணக்குப்படி. ராத்திரி தண்ணி விட்ட புல்லுல 22. சக்கரம் வழுக்குது. எட்டு சதம் மருந்து குறையும். டேங்க் காலியாகும்போது இன்னும் மோசமாகும், பாரம் போகுதே. டேங்கை அச்சுக்கு நேர் மேல நகர்த்தணும், இப்போ கொஞ்சம் பாரம் இழுக்கிறவர் கையில இருக்கு. ஆழமான மிதி உள்ள டயர் போட்டா வழுக்காது, ஆனா புல்லைக் கிள்ளும். டயர் காத்தை 10-லிருந்து 7-க்கு இறக்கிப் பார்த்தா 23.

தோட்டக்காரரிடம் ராத்திரித் தண்ணியை நிறுத்தச் சொல்லணும், சாயங்காலம் நாலு மணிக்கே விட்டுடச் சொல்லணும். ஆனா மோட்டார் கரன்ட் அந்த நேரத்துல

ஆகஸ்ட் 18

சாயங்காலத் தண்ணி முடியாதாம். டேங்கை 9 செ.மீ. பின்னால நகர்த்த நாலு ஓட்டை போடணும். டிரில் லேத்துல.