எக்ஸ்இ 3: செம்பவாங் கரையோரத்துக் குறு நீர்மூழ்கி

ஜூன் 2

பிரிட்டிஷ் கடற்படையின் எக்ஸ்இ வகைக் குறு நீர்மூழ்கிக் கப்பலின் 1/35 அளவு பிளாஸ்டிக் கிட் இன்று என் மேசைக்கு வந்தது. உண்மைக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர். மாதிரியின் நீளம் 46 சென்டிமீட்டர். பாகங்கள் அதிகம் இல்லாததால் இதைப் புதியவர்களுக்கான கிட் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. இந்த வகையைச் சேர்ந்த எக்ஸ்இ 3 என்ற கப்பல்தான் 1945 ஜூலை 31 அன்று ஜொகூர் நீரிணைக்குள் நுழைந்து, சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தின் அருகே நின்றிருந்த ‘தக்காவ்’ என்னும் ஜப்பானியக் கனரகப் போர்க்கப்பலின் அடியில் வெடிகளை வைத்துவிட்டுத் திரும்பியது. அலமாரியில் தனியே நிற்கும் மாதிரியாக இதை முடிக்க மனமில்லை. தக்காவின் அடியில் சிக்கியிருந்த நிலையிலேயே காட்டப் போகிறேன்.

ஜூன் 9

உடலின் இரு பாதிகளும் ஒட்டியாகிவிட்டன. இணைப்புக் கோட்டில் இடைவெளி நிரப்பும் புட்டி பூசி, காய்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் நுனிக்குத் தட்டுப்படாத மேடும் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

உடலின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். அதே அளவில் செய்யப்பட்ட மனித உருவமும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உருவத்தைக் கப்பலுக்குக் குறுக்கே படுக்கவைத்துப் பார்த்தபோதுதான், நான்கு பேர் அதற்குள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாமல் பல மணி நேரம் இருந்தது எத்தகையது என்பது எனக்கு உறைத்தது. லண்டன் பேருந்துகளில் பயன்பட்ட கார்ட்னர் டீசல் என்ஜின்தான் மேற்பரப்பில் இதை ஓட்டியது, நீருக்கடியில் மின்மோட்டார். வெப்பமண்டலக் கடல்களுக்காகவே இந்த வகையில் குளிர்சாதனம் சேர்க்கப்பட்டது. நம் ஊர் வெயிலில் மூடிய இரும்புக் குழாய்க்குள் இருப்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 22

தக்காவ் 200 மீட்டருக்கும் சற்று அதிக நீளமுடையது. 1/35 அளவில் முழுக் கப்பலையும் செய்தால் 5.8 மீட்டர் வரும். எங்கள் நான்கறை வீட்டின் கூடம் அதற்குப் போதாது. ஆகவே அடிப்புறத்தில் ஒரு துண்டை மட்டும் பிளாஸ்டிக் தகடுகளை வளைத்துச் செய்கிறேன்.

1944 அக்டோபரில் பலவான் தீவுக்கு அருகே ‘டார்ட்டர்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கியின் டார்ப்பிடோக்களால் பலத்த சேதமடைந்த தக்காவ், சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. முழுமையாகப் பழுதுபார்க்க வழியில்லாமல், வான்காப்புப் பீரங்கி மேடையாக நீரிணையில் நிறுத்தப்பட்டது. அதன் 20 சென்டிமீட்டர் பீரங்கிகள், சிங்கப்பூரை மீட்க வரும் படைகள்மீது திரும்பக்கூடும் என்ற அச்சமே இந்தத் தாக்குதலுக்குக் காரணம்.

மாதக்கணக்கில் வெதுவெதுப்பான நீரில் அசையாமல் நின்ற கப்பலின் அடியில் கொட்டலசுகள் என்னும் ஓட்டுடலிகள் ஒட்டி மண்டியிருக்கும். பெரியப்பா 1960-களில் செம்பவாங் தளத்தில் உலர்துறை வேலை பார்த்தவர். நான் புட்டியால் வைத்திருந்த முதல் வரிசையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இப்படி வரிசையாக ஒட்டாது. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிக் கொத்துக் கொத்தாக வளரும். சுரண்டினாலும் அடியில் வெள்ளை வட்டம் நிற்கும்,” என்றார். அந்த வெள்ளை வட்டங்கள் எந்தப் புகைப்படத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. வெடிகளைப் பொருத்துவதற்காக நீர்மூழ்கி வீரர் சுரண்டிய இடத்தில் அவற்றை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக வரைந்தேன்.

ஜூலை 7

இந்த மாதிரியின் உயிர் ஒரே ஒரு மூடியில் இருக்கிறது. முன்பகுதியில், மின்கல அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே, நீர் நிரப்பி வடிக்கக்கூடிய சிற்றறை ஒன்று உண்டு. வீரர் அதற்குள் அமர்ந்து நீரை நிரப்பிக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து வெளியேறுவார். கிட்டின் வழிகாட்டித் தாளில் மூடி முழுவதும் திறந்தோ முழுவதும் மூடியோ இருக்கலாம். அன்றைய நிலை இரண்டுமில்லை. தக்காவுக்கும் கடல்தரைக்கும் இடையே எக்ஸ்இ 3 இறுக மாட்டிக்கொண்டதால் மூடி முழுவதும் திறக்கவில்லை. பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் மாகெனிஸ் அந்தக் குறுகிய இடைவெளி வழியாகத் தம்மை நெருக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆகவே மூடியின் கீலை வெட்டி, மெல்லிய பித்தளைக் கம்பியால் மீண்டும் செய்து, மேலே உள்ள தகட்டில் மூடி இடிக்கும் கோணத்தில் நிறுத்தினேன். அந்த இடைவெளியில் உருவத்தின் தோள் நேராக நுழையவில்லை. ஒரு கையை மேலே நீட்டி, தோளைச் சரித்து வைத்தால் மட்டுமே நுழைகிறது. அப்படியே வைத்திருக்கிறேன்.

காந்த வெடிகளைப் பொருத்துவதற்கு முன் அவர் கொட்டலசுகளைச் சுரண்ட வேண்டியிருந்தது. பிறகு அவற்றை இரண்டிரண்டாகக் கயிற்றால் பிணைத்து, அக்கயிற்றைக் கப்பலின் அடிவழியே செலுத்தினார். அந்தக் கயிற்றுக்காக, கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் சட்டகத்தின் துண்டொன்றை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்து, மயிரிழை போன்ற பிளாஸ்டிக் நூலாக்கிக்கொண்டேன். அவருடைய ஆக்சிஜன் கருவி கசிந்துகொண்டிருந்தது. மூச்சை உள்ளேயே சுழலவிடும் கருவி என்பதால் குமிழிகள் எழக் கூடாது. எழுந்தால் மேலே நிற்பவர் கண்ணில் படும். அவர் அதை அறிந்தும் வேலையை முடித்தார். குமிழிகளைக் கண்ணாடிப் பிசினால் செய்து, கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியிருப்பதாகக் காட்டினேன்.

ஜூலை 20

மழையும் புழுக்கமும் மாறி மாறி வந்த வாரம். ஈரப்பதம் மிகுந்த நேரத்தில் மங்கல் வார்னிஷ் தெளித்தால் வெண்பனி படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஏர்கான் ஓடும் அறையில் மாதிரியை இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் மெல்லிய படலங்களாகத் தெளித்தேன். அடர்நிறம் ஆழமாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3

எக்ஸ்இ 3-இன் ஒரு பக்கத்தில் சுமார் இரண்டு டன் அமட்டோல் வெடிமருந்துப் பெட்டி, மறுபக்கத்தில் காந்த வெடிகளைச் சுமக்கும் தாங்கி. திரும்பும் வேளையில் தாங்கி கழலவில்லை. களைத்திருந்த மாகெனிஸ் மீண்டும் வெளியே சென்று, கனமான ஸ்பேனரால் ஏழு நிமிடம் போராடி அதைக் கழற்றினார். அந்த ஸ்பேனரையும் செய்து, மூடியின் உள்விளிம்பில் வைத்திருக்கிறேன். அளவில் அது ஓர் அரிசியைவிடச் சிறியது.

அன்றிரவு வெடிகள் வெடித்துத் தக்காவின் அடியில் பெரிய துளை விழுந்தது. தோழமைக் கப்பலான எக்ஸ்இ 1-உம் தன் வெடிகளை அதன் கீழேயே போட்டிருந்தது. தக்காவ் பின்னர் 1946-இல் மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது.

பீடத்துக்கான பெயர்ப்பலகையை இன்று எழுதினேன். பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பல் தலைவர் இயன் ஃபிரேசர், மாகெனிஸ் ஆகிய இருவர் பெயர்களை மட்டும் பொறிப்பது வழக்கம். கட்டுப்பாடுகளைக் கவனித்த நியூசிலாந்து அதிகாரி வில்லியம் ஸ்மித், சுக்கான் பிடித்த சார்லஸ் ரீட் ஆகியோரும் அதே இரும்புக் குழாய்க்குள்தான் இருந்தார்கள். நான்கு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் பொறித்திருக்கிறேன்.