பழைய பேஸ் வாங்குமுன் கழுத்தைப் பாருங்கள்

செகண்ட்ஹேண்ட் பேஸ் கிட்டாரை ஆம்பில் சொருகுவதற்கு முன்பே கழுத்தைச் சோதித்துவிட வேண்டும். சுருதி சேர்த்து, தடித்த ஈ (E) கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7-ஆவது ஃப்ரெட்டின் மேல் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் கம்பி கரகரக்கும். அதிகமிருந்தால் கழுத்து முன்னே வளைந்திருக்கிறது. நடுப்பகுதியில் வாசிக்க விரல் நோகும்.

கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை வலப்பக்கம் திருகினால் கழுத்து நிமிரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுதான். உடனே மறுபடி சுருதி சேர்த்து அளக்க வேண்டும். விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். ராடைத் திருகும் நட் அசையவே இல்லையா, அல்லது முழுக்க இறுக்கியும் வளைவு போகவில்லையா? விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

ஜாக், வால்யூம் குமிழ் இரைச்சலெல்லாம் சின்ன விஷயம். காண்டாக்ட் கிளீனரும் சாலிடரும் போதும்.

12-ஆவது ஃப்ரெட் ஸ்வரம் டியூனரில் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். புதுக் கம்பி மாட்டிய பிறகே அதைச் செய்யுங்கள். தேய்ந்த கம்பியில் அளவு பொய்க்கும்.