'ஹேவ் பீன்' பிடிபட ஒரு வழி

ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வுக்குத் தயாரானபோது நான் அதிக நேரம் உட்கார்ந்தது 'ஹேவ் பீன்' மேல்தான். புத்தகத்தில் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ்' என்று நீளமாகப் பெயர் போட்டிருக்கும். பெயரை விடுங்கள். 4, 5 நிமிடம் நடக்கும் முதல் பகுதியிலேயே 'எவ்வளவு நாளாக இந்த வேலை?' என்கிற மாதிரி கேள்வி வரலாம். அதற்குப் பதில் சொல்ல இது வேண்டும்.

நமக்கு இது ஏன் இடறுகிறது என்றால், தமிழில் 'இரண்டு வருஷமாகப் படிக்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம். அதே பழக்கத்தில் வாய் 'ஐ ஆம் ஸ்டடியிங் ஸின்ஸ் டூ இயர்ஸ்' என்று போகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு! சரியானது 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஃபார் டூ இயர்ஸ்'. எனக்குக் கைகொடுத்த கணக்கு இதுதான்: மனதில் 'இரண்டு வருஷமாக' என்று வந்தால் 'ஃபார்', '2022-லிருந்து' என்று வந்தால் 'ஸின்ஸ்'. எது வந்தாலும், வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வினைக்கு முன்னால் 'ஹேவ் பீன்'.

'நோ' (தெரிந்திருப்பது), 'பிலீவ்' (நம்புவது) போன்ற வினைகள் இதற்கு மசியாது. 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்' கிடையாது, 'ஐ ஹேவ் நோன் ஹிம்'தான்.

அப்புறம், 'பீன்' தாண்டி வரும் சொல்லையும் கவனியுங்கள். 'ஐ ஹேவ் பீன் ஆஸ்கிங்' என்றால் கேட்டுக்கொண்டிருப்பது நான். 'ஐ ஹேவ் பீன் ஆஸ்க்ட்' என்றால் கேட்டது வேறு யாரோ, கேட்கப்பட்டது நான். அலுவலக மெயில்களில் இந்த இரண்டாவது வகைதான் கொட்டிக் கிடக்கும்: 'யுவர் ரிக்வெஸ்ட் ஹேஸ் பீன் அப்ரூவ்ட்'.

'ஷி ஹேஸ் பீன் டு லண்டன்' என்றால் போய்விட்டு வந்தாயிற்று. 'ஷி ஹேஸ் கான் டு லண்டன்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. என்னைக் கேட்டால், தேர்வை விட அன்றாடப் பேச்சில்தான் இது அதிகம் குழப்பும்.

'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ் பீன்' அங்கே நுழையக்கூடாது; 'வாஸ்', 'வென்ட்' போதும்.

பயிற்சிக்கு, உங்கள் வாழ்க்கையில் இப்போதும் நடந்துகொண்டிருக்கும் விஷயங்களை மட்டும் எடுத்து, போனில் பதிவு செய்து பேசிப் பாருங்கள். பேசும்போது 'ஐவ் பின்' என்று சுருங்கட்டும். கேட்கும் தேர்விலும் அப்படித்தான் காதில் விழும். 'ஹேவ்' முழுசாக ஒலிக்கும் என்று காத்திருந்தால் வாக்கியம் ஓடிவிடும்.