‘ணொ’ வரும்வரை: சில நாட்குறிப்புகள்

மார்ச் 4
பழைய தமிழ் நூல்களின் பக்கப் படங்களிலிருந்து எழுத்துகளை வாசிக்கும் எங்கள் மென்பொருளுக்கு, எஸ்ஜிடியில் (பிழையைப் பார்த்து, எடைகள் எனப்படும் உள் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்தும் முறை) ஓடிய பயிற்சி விடியற்காலையில் முடிந்தது. மொத்த இழப்பு, அதாவது பிழையின் அளவு, நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனால் சோதனைப் பக்கத்தின் நான்காம் வரியில் உள்ள ‘கண்ணொளி’யை ‘கண்ணெளி’ என்றே வாசிக்கிறது.

மார்ச் 5
1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவற்றின் கால் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ஒருங்குறியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் ஒரே குறியீடு என்பதால், எங்கள் மென்பொருள் அவற்றைத் தனித்தனி வகைகளாகக் கற்றுக்கொண்டு கடைசியில்தான் ஒன்றாக்குகிறது. பழைய ‘னை’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பழைய ‘ணொ’வோ நூல் முழுக்கத் தேடினாலும் அரிதாகவே அகப்படுகிறது. கற்றல் வீதம் என்பது ஒவ்வொரு திருத்தத்தின் அளவையும் தீர்மானிக்கும் எண். எஸ்ஜிடி எல்லா எடைகளுக்கும் ஒரே கற்றல் வீதத்தைத் தருவதால், அடிக்கடி வரும் எழுத்துகள் விரைந்து தேறிவிட, இந்த எழுத்தின் எடைகள் தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை.

மார்ச் 6
ஒவ்வோர் எடைக்கும் திருத்தத்தின் அளவைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளும் ஆடம் என்ற முறைக்கு மாற்றிவிட்டேன். கற்றல் வீதம் 0.001.

மார்ச் 8
எஸ்ஜிடியையே விரும்பும் அண்ணன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆடம் ஒவ்வோர் எடைக்கும் இரண்டு எண்களைக் கூடுதலாக நினைவில் வைக்குமே, பழைய கணினியில் பங்களிப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர் கவலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 80 லட்சம் எடைகள், தலா இரண்டு எண்கள், எண்ணுக்கு 4 பைட், 64 எம்பிதான் ஆகிறது. ஒரே நேரத்தில் ஏற்றும் படங்களே அதைவிட அதிக இடம் பிடிக்கின்றன. படங்களைப் பொறுத்தவரை மொமண்டம் (முந்தைய திருத்தங்களின் வேகத்தைத் தொடரவிடும் உத்தி) சேர்த்த எஸ்ஜிடி புதிய பக்கங்களிலும் நன்றாக நிற்கும் என்ற அவருடைய இன்னொரு வாதத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அது அவர் பல ஆண்டுகள் பட்டு அறிந்தது.

மார்ச் 9
கண்ணொளி. முழுதாக வந்துவிட்டது!

மார்ச் 11
பயிற்சிப் பக்கங்களை அது மனப்பாடம் செய்யத் தொடங்கியதால் எடைகள் பெரிதாகாமல் சுருக்கும் எல்2 கட்டுப்பாட்டைச் சேர்த்தேன். ‘ணொ’ மறுபடி போய்விட்டது. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, காரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே புரிந்தது. சரிவு என்பது பிழையைக் குறைக்க எடை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று காட்டும் எண். ஆடமில் எல்2 அந்தச் சரிவோடு கலந்துவிடுகிறது. பிறகு அந்த எடை இதுவரை கண்ட சரிவுகளின் அளவால் வகுபடுகிறது. ஆகவே பெரிய சரிவுகளைக் கண்ட எடை லேசாகவும், அரிய எழுத்தின் எடையைப் போலச் சிறிய சரிவுகளையே கண்ட எடை கடுமையாகவும் சுருங்குகின்றன. எந்த எழுத்தைக் காப்பாற்ற ஆடமுக்கு வந்தேனோ, அதன் கழுத்தையே நான் நெரித்திருக்கிறேன்.

மார்ச் 12
ஆடம்டபிள்யூ, ஆடமின் திருத்திய வடிவம். அதில் எடைச்சுருக்கம் தனியே நடக்கிறது. அந்த வகுத்தலுக்குள் அது போவதில்லை. நிரலில் ஒரே ஒரு வரிதான் மாறியது.

மார்ச் 14
‘ணொ’ வந்திருக்கிறது. ஆனால் ஒரு விதை எண்ணில் (பயிற்சியின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் எண்) கிடைத்ததை நம்பி மென்பொருளின் இயல்பமைப்பை மாற்ற மாட்டேன். இன்னும் இரண்டு விதைகளில் ஆடம்டபிள்யூவையும், அண்ணனுக்காக அதே மூன்று விதைகளில் மொமண்டம் சேர்த்த எஸ்ஜிடியையும், அதற்கேற்ற கற்றல் வீதத்தை முறையாகத் தேடியபின் ஓட்டுகிறேன். சராசரிப் பிழை விகிதத்தோடு, பழைய வடிவங்கள் ஒவ்வொன்றின் பிழையையும் தனி வரியாக அவருக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச் 15
இரண்டாம் விதையிலும் வந்தது. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது.