பப் இல்லாத சாக்லேட் ஊரு

பர்மிங்காம்ல மச்சான் வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒரு சனிக்கிழமை சும்மா இருக்கோமேன்னு கேட்பரி சாக்லேட் ஃபேக்டரி இருக்கிற போர்ன்வில் கிளம்பினோம். சாக்லேட் டூருக்கு டிக்கெட் முன்னாடியே போட்டிருக்கணும், நான் போடல, தப்பு என் மேலதான். சரி ஊரையாவது பாப்போம்னு பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா பத்து பன்னெண்டு நிமிஷம்தான், ஸ்டேஷன் கம்பிங்க எல்லாம் கேட்பரி கவர் மாதிரியே ஊதா கலரு. இறங்கினதும் கோகோ வாசனை, நம்ம ஊர்ல காபிப்பொடி அரைக்கிற கடையத் தாண்டும்போது வருமே, அந்த மாதிரி.

இந்த ஊரக் கட்டினவர் ஜார்ஜ் கேட்பரி. 1861ல இவரும் அண்ணன் ரிச்சர்டும் அப்பாகிட்டருந்து வாங்கினது கிட்டத்தட்ட மூழ்கிட்டிருந்த கம்பெனி, அம்மா வழியில வந்த பணம் தலைக்கு 4,000 பவுண்டு, அதப் போட்டு கரையேத்தப் பாத்தாங்க. 1866ல கோகோவுல இருக்கிற கொழுப்பப் பிழிஞ்சு எடுக்கிற டச்சு மிஷின வச்சு கலப்படம் இல்லாத கோகோ பவுடர் போட்டதுக்கு அப்புறம்தான் வியாபாரம் பிடிச்சுது. 1879ல ஃபேக்டரிய சிட்டிக்கு வெளிய வயல்காட்டுக்கு, அதாவது இங்க, மாத்தினாங்க.

குடும்பமே குவேக்கர், கிறிஸ்தவத்துல ஒரு பிரிவு. பாதிரியார் கிடையாது, கும்பலா உக்காந்து அமைதியா இருப்பாங்க, சத்தியப் பிரமாணம் பண்ண மாட்டாங்க. அந்தக் காலத்துல ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் எல்லாம் இவங்களுக்குக் கதவடைச்சதால நிறைய பேரு வியாபாரத்துக்கு வந்துட்டாங்க. ஜார்ஜ் ஞாயித்துக்கிழமை காலைல கூலிக்காரங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கப் போவாராம், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, அம்பது வருஷம் கிட்ட. அவங்க வீடுங்களுக்குப் போய்ப் பாத்தா இருட்டு சந்து, காத்து வராத ரூமு. இந்தக் கூலிக்காரங்க ஏன் குடிக்கிறாங்கங்கிறது அங்கதான் புரிஞ்சிருக்கு போல.

அதுக்காக 1893ல 120 ஏக்கர் வாங்கி, 1895ல இருந்து வீடு கட்ட ஆரம்பிச்சார். மனையில கால்வாசிக்கு மேல கட்டடம் வரக்கூடாது, மிச்சம் தோட்டம். ஃபேக்டரி ஆளுங்களுக்கு மட்டும்னு இல்ல, யாரு வேணா குடியிருக்கலாம். ஒரு வீட்டு வேலியோரம் நின்னு எட்டிப் பாத்தேன், கணுக்கணுவா முறுக்கிக்கிட்டு பாசி பிடிச்ச ஒரு வயசான ஆப்பிள் மரம், அடியில புல்லுல ரெண்டு பழம் விழுந்து கெடக்கு. அந்தக் காலத்துலயே வீட்டுக்கு வீடு பழமரம் நட்டுத்தான் குடுத்தாங்களாம், இது அதுல ஒண்ணோ என்னவோ.

முதல்ல கட்டினத 999 வருஷ லீசுக்கு அசல் விலைக்கே குடுத்திருக்கார், வாங்கினவங்க லாபத்துக்கு வித்துட்டாங்க! (ரியல் எஸ்டேட் புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.) உடனே 1900ல 330 ஏக்கரையும் 313 வீட்டையும் ஒரு டிரஸ்டுக்கு எழுதி வச்சுட்டார். தானமாக் குடுத்துட்டு பின்னாடி திரும்ப வாங்கிக்க வழி வச்சுக்கல பாருங்க, எனக்குப் பிடிச்சது அதுதான். 1903ல தன்னோட வுட்புரூக் வீட்டையும் குவேக்கர் படிப்பு மையத்துக்குக் குடுத்தார், 1931ல லண்டன் மாநாட்டுக்கு வந்த காந்தி கூட அங்க தங்கியிருக்கார்.

ஆனா முழுசா மகான்னும் சொல்லிட முடியாது. கோகோ வந்த இடத்துல ஒண்ணு போர்த்துகீசியர் கையில இருந்த, மேற்கு ஆப்பிரிக்காப் பக்கம் சாவோ டோமே தீவு. அங்க நடக்கிறது அடிமை வேலைன்னு 1901 வாக்குலயே கம்பெனி காதுக்கு வந்தாச்சு, வாங்குறத நிறுத்தினது 1909ல. நாம வாங்கிட்டிருந்தாத்தான் பேசித் திருத்த முடியும்னு அவங்க நியாயம். ஒரு பேப்பர் கிழிச்சு எழுத, அவதூறு கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. ஜூரி குடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், காலே கால் பென்னி! மச்சான் சொன்னான், "மாமா, இது தீர்ப்பு இல்ல, கன்னத்துல அறை"ன்னு.

பன்னெண்டு மணிக்கு ஊர்ப் பசுந்திடல்ல நின்னோம். ஸ்கூல் கோபுரத்துல 48 மணி இருக்கு, அடிக்க ஆரம்பிச்சதும் நாய் கூட்டிட்டு வந்த பாட்டி ஒருத்தங்க அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. எதிர்ல குவேக்கர் கூடம், வெளிச்சுவத்துல ஜார்ஜோட மார்பளவு சிலை, மத்தபடி ஆடம்பரம் ஒண்ணும் இல்ல.

நடந்த களைப்புல மச்சானுக்கு ஒரு பீர் வேணும்னு ஆசை. அவர் போட்டுட்டுப் போன கண்டிஷன், ஊருக்குள்ள இன்னைக்கும் பப் கிடையாது. கடைசில ஆளுக்கொரு ஹாட் சாக்லேட் வாங்கிட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டவன ட்ரெயின் ஏத்தினேன்.