அடுத்தவர் எழுதிய லைப்ரரிக்கு மேனிஃபெஸ்ட் எழுதுவது

பெருங்குடியில் நாங்கள் எழுதும் மென்பொருள் ஓடுவது அம்பத்தூரிலும் ஒரகடத்திலும், தொழிற்சாலைச் சுவரில் மாட்டிய சின்னச் சின்ன கேட்வே பெட்டிகளில். இயந்திரங்களிடமிருந்து அளவுகளை வாங்கிச் சரிபார்த்து மேலே அனுப்புவது அவற்றின் வேலை. ஷிஃப்ட் நடக்கும்போது பெட்டியை அணைக்க முடியாது. ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை அதுபாட்டுக்கு ஓட வேண்டும். அதனால்தான், ஜாவா மென்பொருளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து ஓடும்போதே மாற்ற விடும் ஓஎஸ்ஜிஐ-க்கு நாங்கள் போனோம். 1999-இல் இதுபோன்ற கேட்வேக்களை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்ட ஏற்பாடு அது. 2004-இல் புரோகிராம் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 3.0 அதன்மீது கட்டப்பட்ட பிறகு ஜாவா எழுதுபவர்களில் நிறையப் பேருக்கு அந்தப் பெயர் பழகியது.

எங்கள் சொந்த புரோகிராம் கோடைப் பண்டிலாக, அதாவது ஓஎஸ்ஜிஐ-யில் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய பகுதியாக, எழுதுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து எடுக்கும் லைப்ரரிகள்தான் நேரத்தைச் சாப்பிடும். அவற்றை எழுதியவர்களில் பலர் ஓஎஸ்ஜிஐ-யை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். லைப்ரரி வரும் ஜார் கோப்புக்கு, அதன் தேவைகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்புக் கோப்பை எழுதிப் பண்டிலாக்கித் தருவது பல வருடங்களாக என் பொறுப்பு. டீமில் யாரும் விரும்பி எடுக்கிற வேலை இல்லை இது. ‘பில்ட் வேலைதானே’ என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு லைப்ரரிக்கு என்னென்ன தேவை, அது மற்றவர்களுக்கு எதைத் தருகிறது என்பதை, எழுதியவரே சொல்லாமல் விட்ட இடத்தில், படித்துப் பார்த்து எழுதி வைக்கிற வேலை இது. டூல் பாதியைச் சொல்லும். மீதியை ஆள் உட்கார்ந்து படித்தால்தான் உண்டு.

சாதாரண ஜாவா புரோகிராமில் எல்லா ஜாரும் ஒரே கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கோடைத் தேடும் பொது இடத்தில், கிடக்கும். பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரி, யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் பொதுக் கிணற்றில் இறைத்துக்கொள்ளலாம், யார் இறைத்தது என்று கேட்பாரில்லை. ஓஎஸ்ஜிஐ-யில் ஒவ்வொரு பண்டிலுக்கும், கோடின் அலகான கிளாஸ்களைத் தேடி ஏற்றும் தனி கிளாஸ் லோடர். ‘ஜாவா.’ என்று தொடங்கும் பேக்கேஜ்கள் (கிளாஸ்களின் தொகுப்புகள்) மட்டும் கேட்காமலே கிடைக்கும். மற்றதெல்லாம் இம்போர்ட்-பேக்கேஜ் என்ற வரியில் எழுதிக் கேட்க வேண்டும், தருகிறவர் எக்ஸ்போர்ட்-பேக்கேஜில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வரிகளைக் கையால் எழுதிக் கட்டுப்படியாகாது. மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி 72 பைட்டுக்கு மேல் போகக்கூடாது, தொடர்ச்சி வரி ஒரு ஸ்பேஸில் தொடங்க வேண்டும், எங்காவது ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் பண்டிலே ஏறாது. பீட்டர் க்ரீன்ஸ் எழுதிய பிஎன்டி என்ற டூல் இந்தச் சுமையை எடுத்துவிட்டது. ஜாருக்குள் இருக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பையும் அது திறந்து, கம்பைல் ஆன வடிவமான பைட்கோடில் எந்தெந்த பேக்கேஜ் பெயர் வருகிறது என்று பார்த்து, பட்டியலை எழுதிக் கொடுக்கும். மேவன் என்ற பில்ட் டூலில் அப்பாச்சி ஃபெலிக்ஸின் பண்டில் பிளகினுக்குள் வேலை செய்வதும் இதுதான்.

பட்டியல் வந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது. பழைய லாக்4ஜே 1.2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாக், அதாவது புரோகிராமில் நடந்ததன் பதிவு, எழுதுகிற லைப்ரரி. பிஎன்டியிடம் கொடுத்தால் எனக்கு ஜாவாஎக்ஸ்.மெயில் வேண்டும், ஜாவாஎக்ஸ்.ஜேஎம்எஸ் வேண்டும் என்று எழுதி வைக்கும். டூல் பொய் சொல்லவில்லை. பிழையை மின்னஞ்சலில் அனுப்ப ஒரு கிளாஸும், மெசேஜ் கியூவில் போட ஒரு கிளாஸும் அந்த ஜாரில் இருக்கின்றன. எங்கள் பெட்டி இரண்டையும் தொடுவதே இல்லை. அப்படியே விட்டால், ஒரு வரி லாக் எழுத மெயில் சர்வருக்கான லைப்ரரியையும் பெட்டியில் ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் பண்டில் ரிசால்வ் ஆகாது, அதாவது கேட்டது கிடைக்காமல் ஓடத் தயாராகாது. எனவே அந்த இரண்டையும் ‘ஆப்ஷனல்’, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, என்று குறிக்கிறோம். எதை ஆப்ஷனல் ஆக்கலாம் என்று எந்த டூலும் சொல்லாது. அந்த கிளாஸ் எப்போது கூப்பிடப்படுகிறது, இல்லாவிட்டால் லைப்ரரி தாங்குமா, என்று மூலக் கோடைத் திறந்து பார்க்க வேண்டும்.

சிலர் இதற்குச் சுருக்குவழியாக எல்லா இம்போர்ட்டையும் ஆப்ஷனல் ஆக்கிவிடுவார்கள். ஓஎஸ்ஜிஐ-யை ஓட்டும் அப்பாச்சி கராஃபில் ஜார் முகவரிக்கு முன்னால் ‘ராப்’ என்று போட்டு நிறுவினால் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்: எல்லாம் எக்ஸ்போர்ட், எல்லாம் ஆப்ஷனல். சோதித்துப் பார்க்க நல்ல வசதி. கஸ்டமரின் பெட்டியில் போடக் கூடாது. ரிசால்வ் ஆகும்போது வர வேண்டிய பிழை, இரவு ஷிஃப்ட்டில் யாரோ ஒரு பட்டனை அழுத்தும்போது வரும்.

டூல் எதைப் பார்ப்பதில்லை என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் நேரம் பெரும்பாலும் போவது அங்கேதான். டீமுக்குப் புதிதாக வந்த பெண் ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அண்ணா, கிளாஸ் ஜார்ல இருக்கு. நானே திறந்து பார்த்துட்டேன். ஆனா கிளாஸ் நாட் ஃபவுண்ட்னே வருது.”

“இருக்கு சரிம்மா. கேக்குறது யாரு? எந்த பண்டில்லேர்ந்து கேக்குதுன்னு ஸ்டேக் ட்ரேஸ்ல பாரு.”

கேட்டது எக்ஸ்ஸ்ட்ரீம். எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து ஆப்ஜெக்ட்டாக மாற்றுகிற லைப்ரரி. எக்ஸ்எம்எல்-இல் எங்கள் கிளாஸின் பெயர் வெறும் எழுத்தாக இருந்தது. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு எக்ஸ்ஸ்ட்ரீம் தன் கண்ணுக்கு எட்டும் இடத்தில் தேடுகிறது. எங்கள் பண்டில் அங்கே தெரியாது. பைட்கோடிலும் அந்தப் பெயர் இல்லாததால் பிஎன்டிக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஓடும்போதே தேடி எடுக்க விடும் டைனமிக் இம்போர்ட் வரியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஓடும் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். ஓடும்தான். ஆனால் அந்த ஒரு குறியால் அந்தப் பண்டில் யாரிடமிருந்து எதை எடுக்கிறது என்பது மறுபடி யாருக்கும் தெரியாமல் போகும், மாட்யூல் என்று பிரித்ததற்கே பொருள் இல்லாமல் போகும். அவரையே எக்ஸ்ஸ்ட்ரீமின் மூலக் கோடைப் படிக்கச் சொன்னேன். கிளாஸ் லோடரை வெளியிலிருந்து கொடுக்க ஒரு மெத்தட் அதில் இருக்கிறது. எங்கள் பண்டிலின் லோடரை அதில் கொடுத்தார், வேலை முடிந்தது. மேனிஃபெஸ்ட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அன்றிலிருந்து புது லைப்ரரி எது வந்தாலும் அவர் முதலில் தேடுவது இரண்டு: பெயரை வைத்து கிளாஸை ஏற்றும் கிளாஸ்.ஃபார்நேம் எங்கே வருகிறது, மெட்டா-இன்ஃப் அடைவில் சர்வீசஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறதா. முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டிய பழக்கம் இது.

சர்வீசஸ் ஃபோல்டர் இருந்தால் ஜாவாவின் சர்வீஸ்லோடர் பெயரை வைத்துத் தேடி ஏற்றுகிற லைப்ரரி என்று அர்த்தம். அதற்கு அப்பாச்சி ஏரிஸின் எஸ்பிஐ ஃப்ளை நன்றாகவே உதவுகிறது. டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி டிரைவர் என்றால், அதைத் தானாகத் தேடும் டிரைவர்மேனேஜர் பக்கமே போகாமல் டேட்டாசோர்ஸை நேரடியாக உருவாக்கிவிடுவோம்.

தேவையான லைப்ரரியைத் தனிப் பண்டிலாக வைப்பதா, நம் பண்டிலுக்குள்ளேயே போட்டு மூடுவதா என்ற வாதம் எங்கள் டீமில் அடிக்கடி வரும். உள்ளே போடுவது சுலபம், எந்த இம்போர்ட் தலைவலியும் இல்லை. சின்ன லைப்ரரி, நம் பண்டிலுக்குள் மட்டும் பயன்படுகிறது, அதன் கிளாஸ் எதுவும் மற்றவர்கள் கூப்பிடும் நம் ஏபிஐ-யில் தலைகாட்டவில்லை என்றால் நானும் சரி என்பேன். தலைகாட்டினால் கதை வேறு. ஒரே பெயருள்ள கிளாஸ் இரண்டு லோடரில் இருந்தால் ஜாவாவுக்கு அவை இரண்டு வெவ்வேறு கிளாஸ்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியவில்லை என்ற பிழையில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே பெயர் இருக்கும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

அதைவிடப் பெரிய காரணம் 2021 டிசம்பரில் வந்தது. லாக்4ஜே 2-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, லாகில் போய்ச் சேரும் ஒரு வரியில் குறிப்பிட்ட வடிவத்தில் எழுத்தைச் செருகினாலே வெளியாள் தன் கோடை நம் பெட்டியில் ஓட்டிவிடலாம் என்ற நிலை. லாக்4ஜே 2-ஐ நாங்கள் தனிப் பண்டிலாக வைத்திருந்தோம். யார் யார் அதை இம்போர்ட் செய்கிறார்கள் என்று கன்சோலில் ஒரு கமாண்டில் தெரிந்தது. அந்த ஒரு பண்டிலை அப்டேட் செய்து ரெஃப்ரெஷ் கொடுத்தோம். 2.15.0, 2.16.0, 2.17.0 என்று அதே மாதத்தில் திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன, ஒவ்வொரு முறையும் மாற்றியது அந்த ஒரு பண்டிலைத்தான்.

திண்டாடியது வெளியிலிருந்து வாங்கிய ஒரு மாட்யூலில். ஜாருக்குள் ஜார், அதற்குள் லாக்4ஜே. கோப்புப் பெயரைக் கொண்டு தேடினால் சிக்கவில்லை. ஓட்டைக்குக் காரணமான ஜேஎன்டிஐலுக்அப் என்ற கிளாஸ் பெயரைக் கொண்டு, ஒவ்வொரு ஜாரையும் அடிவரை பிரித்துத் தேட ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. அது கிடைத்தபோதும் நாங்களாக மாற்ற முடியாது, விற்றவர் புது வெர்ஷன் தரும்வரை அந்த வசதியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தோம். தொழிற்சாலைக்காரர் தினமும் காலையில் போன் செய்து, “சார், நம்ம பெட்டி சேஃப்தானே?” என்று கேட்பார். நேரான பதில் சொல்ல முடிந்தது எங்கள் பண்டில்களைப் பற்றி மட்டும்தான்.

தேவையைப் பெயர் சொல்லி எழுதி வைப்பதன் பலன் ஜாவா 11-க்கு மாறும்போதும் தெரிந்தது. எக்ஸ்எம்எல்-ஐ ஆப்ஜெக்ட்டாக மாற்றும் ஜேஏஎக்ஸ்பி (JAXB) 2018-இல் வந்த அந்த வெர்ஷனோடு, ஜாவாவோடு வரும் தொகுப்பான ஜேடிகே-யிலிருந்து வெளியே போய்விட்டது. யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் தேடி அலையவில்லை. மேனிஃபெஸ்ட்களில் ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் என்று தேடினோம், பட்டியல் வந்துவிட்டது.

வெர்ஷன் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இம்போர்ட்டில் 1.0 என்று எழுதினால் 1.0 மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் 1.0 முதல் முடிவே இல்லாமல். [1.0,2) என்று, 2-க்கு முன்பே நிற்கும் மேல் எல்லையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒரு லைப்ரரியை நாமே பண்டிலாக்கும் முன்பு வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது. அப்பாச்சி சர்வீஸ்மிக்ஸ் குழு ஏராளமான ஜார்களை இப்படி மாற்றி வெளியிட்டிருக்கிறது, எக்லிப்ஸின் பண்டில் தொகுப்பான ஆர்பிட்டிலும் கிடைக்கும். அப்பாச்சி காமன்ஸ் லைப்ரரிகள் பல, மேனிஃபெஸ்ட்டோடேயே வருகின்றன. எங்கும் இல்லையென்றால்தான் நாங்கள் கை வைப்போம். மூல ஜாரில் உள்ள லைசென்ஸ், நோட்டீஸ் கோப்புகளை அப்படியே உள்ளே வைப்போம். வெர்ஷனின் கடைசிப் பகுதியில் எங்கள் அடையாளத்தைச் சேர்ப்போம், மூலத்தையும் எங்கள் கைவைத்ததையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதோடு, மூல ஆசிரியருக்கும் எழுதிவிடுவோம். பில்ட் கோப்பில் பிஎன்டி பிளகினுக்கான சில வரிகள், எதை ஏன் ஆப்ஷனல் ஆக்கினோம் என்ற விளக்கம், சோதித்த விதம். இதை அனுப்பாமல் வேலை முடிந்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை. அந்த லைப்ரரியை நம்மைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். எந்த பேக்கேஜ் வெளியே காட்ட, எது உள்வேலைக்கு என்று ஊகிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. சிலர் அடுத்த வெளியீட்டிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள், எங்கள் பண்டிலை ரிப்பாசிட்டரியிலிருந்து எடுத்துவிட்டு அவருடையதற்கு மாறிவிடுகிறோம். சிலர், ‘எனக்கு ஓஎஸ்ஜிஐ தெரியாது, என்னால் பராமரிக்க முடியாது’ என்று மறுத்துவிடுகிறார்கள். அதுவும் நியாயமான பதில்தான். அந்த லைப்ரரிகளுக்கு ஒவ்வொரு புது வெர்ஷன் வரும்போதும் புது இம்போர்ட் பட்டியலைப் பழையதோடு ஒப்பிட்டு, புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். இந்த வாரம் அந்த வரிசையில் ஒரு பிடிஎஃப் லைப்ரரி நிற்கிறது. புதிதாக மூன்று பேக்கேஜ்கள் கேட்கிறது, அவற்றில் ஒன்று எதற்கு என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.